பலத்த காற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களின் கட்டுரைகளையும் புதிதாக எழுத வருவோரின் கதைகளையும் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். காற்று வீசும் இடம் வந்துவிட்டால் பெரும்பாலானோரின் பேனா தயங்குகிறது. 'பலத்த காற்று வீசியது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட ஐயங்களை, கேட்ட சொற்களிலேயே, விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

காற்று அதிகமாக இருக்கும் ஒரு நாளைச் சொல்லத் தமிழில் ஒரே சொல் உண்டா?

அப்படி ஒரு தனிப் பெயரடை வழக்கில் இல்லை. அது இல்லாததைக் குறையாக நினைக்கவும் வேண்டியதில்லை. தமிழில் நாம் நாளுக்கு அடைமொழி கொடுப்பதில்லை. காற்று என்ன செய்கிறது என்று சொல்கிறோம். 'இன்றைக்குக் காலையிலிருந்தே ஒரே காற்று' என்பது எல்லோர் வாயிலும் புழங்கும் தொடர். இங்கே 'ஒரே' என்பது ஓயாமல், மற்றெதற்கும் இடம் கொடுக்காமல் என்ற பொருளைத் தருகிறது. எழுத்திலும் இதை அப்படியே ஆளலாம்.

இதைத் தாண்டி நுட்பமாகச் சொல்ல வேண்டுமென்றால் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எப்படி வருகிறது, எதை அசைக்கிறது. கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த மூன்றையே சுற்றி வரும்.

'காற்று வீசுகிறது' என்பது சரியா, 'காற்று அடிக்கிறது' என்பது சரியா?

இரண்டும் சரியே, பொருள்தான் சற்று வேறு. 'வீசு' என்பதில் பரப்பு இருக்கிறது. வலை வீசுவது போலவும் கையை வீசுவது போலவும் ஒரு அகன்ற அசைவு அது. ஆகவே மென்மையான காற்றுக்கும் பலத்த காற்றுக்கும் பொருந்தும். 'அடி' என்பதில் மோதல் இருக்கிறது. முகத்தில் அடித்தது, சன்னலில் அடித்தது என்று அது வந்து படும் இடத்தையும் சேர்த்துக் கேட்கிறது. 'அடிக்கிறது' பேச்சு வழக்கு, 'வீசுகிறது' எழுத்து வழக்கு என்று பிரித்து, எல்லா 'அடி'யையும் 'வீசு' ஆக்கிவிடுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. காற்று கதவை மோதித் திறந்த இடத்தில் 'வீசியது' என்றால் காட்சியின் வலிமை பாதியாகிவிடும்.

'காற்று ஊதுகிறது' என்பது பற்றியும் சிலர் கேட்பார்கள். குழலை ஊதுகிறோம், விளக்கை ஊதி அணைக்கிறோம். காற்றே ஊதுவதாகச் சொல்வது இன்றைய வழக்கில் ஒட்டாமல் நிற்கிறது. ஆயினும் அந்த வேரிலிருந்து வந்த 'ஊதல்காற்று', 'ஊதை' என்ற பெயர்கள் நம்முடையவையே. எலும்பில் இறங்கும் குளிர்காற்றுக்கு அவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் குறைவு.

பலத்த காற்று, வேகமான காற்று, கடுங்காற்று எல்லாம் ஒன்றுதானே?

அன்றாடப் பேச்சில் ஒன்றுதான். எழுதும்போது பிரித்துப் பார்க்கலாம். வேகம் அளக்கக்கூடியது, பலம் அது தள்ளும் தள்ளல், கடுமை அதை உடம்பு உணரும் விதம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது ஒரு சுவரின் மீது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே வேகம் சிறிது கூடினாலே பலம் பெரிதும் கூடிவிடும். கடுங்காற்று என்பதற்கு மிகுந்த வேகம்கூடத் தேவையில்லை. குளிரிலோ அனலிலோ தோய்ந்து வரும் மிதமான காற்றும் உடம்புக்குக் கடுமையானதே.

விட்டுவிட்டு அடிக்கும் காற்றை எப்படி எழுதுவது? அதற்கு மட்டும் சொல் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பலத்த காற்றின் இயல்பே இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காற்று ஆற்றைப் போல ஒரே சீராக ஓடுவதில்லை. தரையை ஒட்டி வரும்போது மரங்களிலும் கட்டடங்களிலும் மோதிச் சுழிகளாக உடைகிறது. பகலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றும், மேலிருந்து இறங்கும் வேகமான காற்றும் அதில் கலக்கின்றன. அதனால்தான் ஒரு நொடி தள்ளுகிறது, மறுநொடி விடுகிறது. வானிலையாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் முறைப்படி, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுத்த சராசரியே காற்றின் வேகம். அதற்கிடையே 3 நொடி அளவில் எட்டும் உச்சம் தனிக்கணக்கு. வானிலை அறிக்கையில் 'இடையிடையே' என்று ஒரு சொல் வருமே, அது இந்த உச்சத்தைத்தான் குறிக்கிறது.

எழுத்தில் இதற்குப் பெயர்ச்சொல்லைத் தேடி அலைவதைவிட அடுக்குத்தொடர்களை நாடுவது நல்லது. 'விட்டுவிட்டு', 'அலையலையாக', 'இருந்திருந்து', 'திடீர் திடீரென்று', 'வீச்சுவீச்சாக' ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு இடைவெளியைக் காட்டுகிறது. 'அலையலையாக' என்றால் ஓர் ஒழுங்கு உண்டு. 'இருந்திருந்து' என்றால் நீண்ட அமைதிக்குப் பின் ஒருமுறை. ஒற்றை வீச்சைச் சொல்ல 'ஒரு காற்று வந்தது' என்றாலே போதும். 'ஒரு காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனது' என்பதில் அந்த வருகையும் போக்கும் தெளிவாக இருக்கின்றன.

கொடியில் உலரும் ஒரு துண்டைச் சிறிது நேரம் பாருங்கள். முதலில் கீழோரம் மட்டும் துடிக்கிறது. பிறகு துண்டு முழுவதும் உப்பிப் படுக்கைவாட்டில் நீள்கிறது. கொடி விம்மி மேலே எழும்புகிறது. காற்று விட்டவுடன் துண்டு சோர்ந்து தொங்கித் தன்மேலேயே சுருண்டுகொள்கிறது. இந்த நான்கு அசைவுகளை எழுதிவிட்டால் 'விட்டுவிட்டு' என்ற சொல்கூடத் தேவைப்படாது.

மெல்லிய காற்றிலிருந்து புயல் வரை சொற்களை வரிசைப்படுத்த முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பிரிட்டன் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த அளவுகோல் காற்றை 0 முதல் 12 வரை பிரிக்கிறது. பாய்மரக் கப்பலை வைத்து எழுதப்பட்ட அது பின்னர் நிலத்தில் காணும் அடையாளங்களுக்கும் விரிக்கப்பட்டது. கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்தே மதிப்பிட முடிவது அதன் சிறப்பு. எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

புகை நேராக மேலே போனால் 0. புகை சாய்ந்தால் 1. அங்கே காற்று 'தவழ்கிறது'. மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர் வேகத்தில் இலைகள் சலசலக்கும், முகத்தில் காற்று படும். இளங்காற்று, மென்காற்று என்பவை இந்த எல்லைக்குள் அடங்கும். 20 முதல் 28 வரை புழுதியும் தாள்களும் எழும்பும்; 'காற்று கிளம்பிவிட்டது' என்று சொல்வது இங்கேதான். 39 முதல் 49 வரை பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிப்பது கடினம். இது பலத்த காற்று. 50 முதல் 61 வரை மரமே ஆடும், எதிர்த்து நடப்பது கடினம், பெருங்காற்று என்பேன். 89க்கு மேல் மரங்கள் வேரோடு சாயும். 118ஐத் தொட்டால் அளவுகோல் முடிந்துவிடும். எண்களும் அடையாளங்களும் போஃபர்ட்டின் வரிசையைச் சார்ந்தவை. தமிழ்ச் சொற்களை அவற்றோடு பொருத்தியது என் கணிப்பு.

வாடை, தென்றல், கொண்டல், கோடை – எது எந்தத் திசை? ஒவ்வொரு முறையும் குழம்பிவிடுகிறது.

வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்று எங்கே போகிறது என்பதை வைத்துப் பெயரிடுவதில்லை, எங்கிருந்து புறப்பட்டது என்பதை வைத்தே பெயரிடுகிறோம். 'தென்' என்பது தென்றலிலும், 'வட' என்பது வாடையிலும் ஒலிப்பதால் இவ்விரண்டையும் நினைவில் வைப்பது எளிது.

குழப்பம் வருவது மற்ற இரண்டில்தான். கொண்டல் என்பதற்கு மேகம் என்றும் பொருள். கிழக்குக் காற்று கடல் ஈரத்தோடு மேகத்தைக் கொண்டுவருவதை நினைத்தால் இரு பொருளும் ஒட்டிக்கொள்ளும். கோடை என்பது வெயில் பருவத்துக்கும் பெயர். மேற்குக் காற்றின் வறட்சியை நினைத்தால் அதுவும் நினைவில் நிற்கும்.

அப்படியானால் 'தென்றல் பலமாக வீசியது' என்று எழுதலாமா?

வேண்டாம். திசைப்படி பார்த்தால் தெற்கிலிருந்து வரும் எந்தக் காற்றும் தென்றலாகலாம். ஆனால் அந்தச் சொல் காலங்காலமாக மென்மையையும் இதத்தையும் சுமந்து வந்திருக்கிறது. பலத்த தெற்குக் காற்றைச் சொல்லத் 'தென்காற்று' என்று எழுதினாலே போதும். இதே கவனம் 'வாடை'க்கும் வேண்டும்: பேச்சில் அது நாற்றத்தையும் குறிப்பதால் 'வாடை அடித்தது' என்றால் படிப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூடும். 'வாடைக்காற்று' என்று முழுமையாக எழுதிவிடுங்கள்.

புயல், சூறாவளி, சூறைக்காற்று மூன்றும் ஒன்றா?

தமிழ்நாட்டு வானிலை வழக்கில் புயல் என்பதற்கு வரையறை உண்டு. கடலில் உருவாகும் சுழற்சியில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால்தான் புயல். அதற்குப் பிறகே அதற்குப் பெயர் சூட்டுவார்கள். சூறைக்காற்றுக்கு இப்படி எண் வரையறை பொதுவழக்கில் இல்லை. திடீரென எழுந்து, எதிர்ப்பட்டதை வாரிச் சுருட்டும் காற்றுக்கு அந்தப் பெயர். சூறை என்றால் கொள்ளை. 'சூறையாடினான்' என்பதும் 'சூறைக்காற்று' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை; அந்தப் படிமம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சூறாவளி நாட்டுக்கு நாடு மாறுகிறது. இலங்கைத் தமிழில் புயலுக்கே அதுதான் பெயர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியதை அங்குள்ளோர் சூறாவளி என்றே நினைவுகூர்கிறார்கள். ஆகவே யாருக்காக எழுதுகிறோம் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இன்னொரு செய்தியும் உண்டு. பழந்தமிழில் புயல் என்பது மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் 14ஆம் குறளில் 'புயலென்னும் வாரி' குன்றினால் உழவர் ஏரால் உழமாட்டார் என்று வருகிறது. அங்கே புயல் என்பது உழவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மழை, அழிவு தரும் காற்று அன்று. பழைய பாடலைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்' என்று அறிக்கை வருகிறது. ஆனால் புயல் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வரும் இந்தச் 'சூறாவளிக்காற்று' முந்தைய விடையில் சொன்ன புயல் அன்று. திடீர்த் திடீரென வலுக்கும் காற்று என்பதே அதன் பொருள். உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி, காற்றின் வேகம் நொடிக்குக் குறைந்தது 8 மீட்டர் திடீரென உயர்ந்து, 11 மீட்டரையோ அதற்கு மேலோ எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அது இந்த வகை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில், எந்தத் தாழ்வு மண்டலமும் இல்லாமலே மன்னார் வளைகுடாவுக்கும் குமரிக்கடலுக்கும் இந்த எச்சரிக்கை வருவதைக் காணலாம்.

'65 என்பது 62ஐத் தாண்டிவிட்டதே, அப்படியானால் புயல்தானே' என்று கேட்போர் உண்டு. புயல் என்று கணிக்க ஒரு சுழற்சி இருக்க வேண்டும். அதிலும் நீடித்த சராசரி வேகத்தைத்தான் பார்ப்பார்கள், இடையிடையே எட்டும் உச்சத்தை அன்று. சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை விட்டுவிட்டு அடிக்கும் காற்றைப் பற்றிய விடையில் காண்க. ஆனாலும் படகில் போகிறவருக்குப் பெயர் என்னவாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான் என்பதால், இந்த எச்சரிக்கையை 'புயல் இல்லை' என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது.

'சூறாவளிக்காற்று' என்பதில் 'காற்று' இரண்டு முறை வருகிறதே, பிழை இல்லையா?

வளி என்றாலே காற்றுதான். ஆகவே சொல்லளவில் கூறியது கூறல்தான். ஆனால் வளி தனிச்சொல்லாகப் பேச்சிலிருந்து விலகிவிட்டதால், சூறாவளி முழுவதும் ஒரே பெயராக இறுகிவிட்டது. முந்தைய விடையில் பார்த்தபடி, புயலிலிருந்து பிரித்துக்காட்ட அந்தக் 'காற்று' இன்று பயன்படவும் செய்கிறது. நான் அதைத் திருத்துவதில்லை. 'தென்றல் காற்று' என்பதும் அப்படியே.

ஒற்றைப் பற்றியும் ஒரு குறிப்பு: சூறைக்காற்று, வாடைக்காற்று, பேய்க்காற்று ஆகியவற்றில் க் மிகும், சுழல்காற்று, வீசுகாற்று ஆகியவை வினைத்தொகை என்பதால் மிகாது.

'பேய்க்காற்று' என்று எழுதினால் மூடநம்பிக்கையைப் பரப்புவது ஆகுமா?

ஆகாது. பேய்மழை என்பதைப் போலவே இங்கேயும் 'பேய்' என்பது அளவுக்கு மீறிய தன்மையைக் காட்டும் முன்னொட்டு. சில ஊர்களில் வெயில் நேரத்தில் வெட்டவெளியில் சருகையும் புழுதியையும் சுருட்டிக்கொண்டு எழும் சிறு சுழல்காற்றையும் இப்பெயரால் அழைக்கிறார்கள். அதைக் குறிப்பதானால் 'சுழல்காற்று' என்று எழுதுவது தெளிவு.

காற்றின் ஒலிக்கு 'ஹோ' என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. என்ன செய்யலாம்?

காற்றுக்கென்று சொந்த ஒலி மிகக் குறைவு. எதில் பட்டு வருகிறதோ அதன் ஒலிதான் நமக்குக் கேட்கிறது. ஆகவே எதில் படுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒலி தானே வரும். அரசிலை சலசலக்கும், சருகும் பனையோலையும் சரசரக்கும், துணியும் தாளும் படபடக்கும், தகரக்கூரை தடதடக்கும், மின்கம்பியில் 'விர்ர்' என்று இழுக்கும், மரத்தோப்பு முழுவதும் சேர்ந்து இரையும். 'இரைச்சல்' என்ற சொல் கடலுக்கும் காற்றுக்கும் பொதுவாக இருப்பது தற்செயல் அன்று. தூரத்திலிருந்து கேட்டால் இரண்டையும் பிரிப்பது கடினம்.

தாழ் சரியாக விழாத ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். காற்று மெல்ல வலுக்கும்போது கதவு நிலையில் 'டொக், டொக்' என்று இடித்துக்கொள்ளும். இன்னும் வலுத்தால் கீழ் இடுக்கு வழியாக ஒரு மெல்லிய சீட்டி எழும். அடுத்த வீச்சில் கீல் கிறீச்சிட, கதவு அகலத் திறந்து சுவரில் மோதி அறையே அதிரும். இந்த மூன்று ஒலிகளும் காற்றின் மூன்று நிலைகள். 'ஹோவென்ற பேரிரைச்சல்' அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

மழையும் காற்றும் சேர்ந்து வந்தால்?

'காற்றும் மழையுமாக இருந்தது' என்ற எளிய தொடரே பெரும்பாலும் போதும். காற்றால் சாய்ந்து சன்னல் வழியே உள்ளே தெறிக்கும் நுண்துளிகளுக்குச் சாரல் என்ற அழகிய சொல் இருக்கிறது. 'சாரல் அடிக்கிறது, சன்னலைச் சாத்து' என்பது வீடுகளில் அன்றாடம் கேட்பது. பெருமழை ஓய்ந்த பின்னும் காற்று தூவிக்கொண்டிருக்கும் துளிகள் தூவானம்.

கச்சான், சோளகம், ஆடிக்காற்று – இவையெல்லாம் வட்டார வழக்கா? பொதுக் கட்டுரையில் எழுதலாமா?

கச்சான் மேற்குப் பக்கத்துக் காற்று. சோளகம் தெற்குப் பக்கத்துக் காற்று. கரையோர மக்கள், குறிப்பாகக் கடலோடிகள், இவற்றை நாள்தோறும் ஆள்கிறார்கள். இலங்கையில் கச்சான் நிலக்கடலைக்கும் பெயர் என்பதால், அங்குள்ளோருக்கு எழுதும்போது 'கச்சான் காற்று' என்று சேர்த்தே எழுத வேண்டும். கடலை நம்பி வாழும் பாத்திரங்கள் 'மேற்குக் காற்று' என்று பேசினால் அந்த உரையாடல் நம்பும்படி இருக்காது. அவர்கள் வாயில் இந்தச் சொற்களை வையுங்கள்.

ஆடிக்காற்று தமிழ்நாட்டில் பொதுவழக்கே. சூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வரும் அந்த மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, பாலக்காடு, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது மிகைதான். ஆனால் அந்த மிகைக்குப் பின்னால் இருக்கும் காற்று உண்மையானது.

'காற்றோட்டமான நாள்' என்று எழுதியதைத் திருத்திவிட்டீர்கள். ஏன்?

காற்றோட்டம் என்பது ஓர் இடத்துக்குள் காற்று வந்துபோகும் வசதி. அறை காற்றோட்டமாக இருக்கலாம். நாள் அப்படி இருக்க முடியாது. நீங்கள் சொல்ல விரும்பியதற்கு முதல் விடையில் உள்ள 'ஒரே காற்று' பொருந்தும்.

வளி, கால், சண்டமாருதம் போன்ற பழைய சொற்களை இன்றைய உரைநடையில் பயன்படுத்தலாமா?

சொல்லைப் பொறுத்தது. வளி தனியாக வராவிட்டாலும் வளிமண்டலம் என்ற அறிவியல் சொல்லில் உயிரோடு இருக்கிறது. காற்றைக் குறிக்கும் 'கால்' இன்று காலதர் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. காற்று வரும் வழி என்பதால் சன்னலுக்கு அந்தப் பெயர். உரைநடையில் 'கால் வீசியது' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. சண்டமாருதம் வடமொழி வழி வந்தது. சண்டம் என்றால் உக்கிரம். இன்று காற்றைவிட ஆவேசமான பேச்சுக்கே அது உவமையாகிறது. 'சண்டமாருதமாக முழங்கினார்' என்பது போல. காற்றுக்கே அதைப் பயன்படுத்தினால் நடை சற்றுப் பழமையாகத் தெரியும். அந்தப் பழமை வேண்டிய இடத்தில் தாராளமாக எழுதலாம்.

காற்று நின்றுவிட்டதை 'நின்றது' என்று மட்டும்தான் சொல்ல முடியுமா?

வருகைக்கு இருக்கும் அளவு சொற்கள் போக்குக்கும் இருக்கின்றன. வேகம் குறைந்தால் தணிந்தது. நெடுநேரம் அடித்துக் களைத்ததுபோல் முடிந்தால் ஓய்ந்தது. சீற்றம் கட்டுக்குள் வந்தால் அடங்கியது. சட்டென்று இல்லாமல் போனால் விட்டது. திசை மாறுமுன் வரும் சிறு அமைதியைச் சொல்லக் 'காற்று திரும்புகிறது' என்ற தொடர் உதவும்.

அதன்பின் வருவதற்கும் சொல் வேண்டும். ஈரத்தோடு கூடிய வெம்மை புழுக்கம். அசைவே இல்லாத நிலை இறுக்கம். 'ஓர் இலைகூட அசையவில்லை' என்பது எல்லோரும் எழுதும் வரி. எனக்கு அதில் குறையில்லை, ஆனால் எந்த மரத்தின் இலை என்று சொன்னால் இன்னும் நல்லது. அரசிலைக்குக் காம்பு நீளம். காற்றே இல்லாததுபோல் தோன்றும் வேளையிலும் அது ஆடிக்கொண்டிருக்கும். அதுவும் அசையாமல் நின்றுவிட்டது என்று எழுதினால், காற்று முழுவதுமாக விட்டுவிட்டதை வேறு சொல்லின்றியே படிப்பவர் உணர்ந்துவிடுவார்.